அரங்கேற்ற வீடியோவை யூடியூபுக்கு எக்ஸ்போர்ட் செய்ய எந்த அமைப்பு சரி?

கேள்வியைச் சுருக்கிச் சொல்லிவிடுகிறேன். இரண்டரை மணி நேரப் பரதநாட்டிய அரங்கேற்றம். அரங்கின் நடுவே டிரைபாடில் ஒரு கேமரா, 1080பி, வினாடிக்கு 50 ஃபிரேம். மேடை ஓரத்திலிருந்து ஓர் ஐஃபோன். எடிட்டிங் டைம்லைன் 30 ஃபிரேம். முடித்ததும் மென்பொருளில் தயாராக இருக்கும் 'யூடியூப் 1080பி' அமைப்பிலேயே எக்ஸ்போர்ட் செய்திருக்கிறீர்கள். கணினியில் பெரிதாகக் குறை தெரியவில்லை. யூடியூபில் ஏற்றிய பிறகு மேடையின் கருப்புத் திரை கட்டம் கட்டமாக உடைகிறது. அடவு மூன்றாம் காலத்துக்குப் போனால் கால்கள் விட்டுவிட்டு நகர்கின்றன. ஃபோனில் எடுத்த காட்சிகளில் முகம் வெளிறிக் கிடக்கிறது. ஒலியும் மற்றவர்கள் வீடியோவைவிடத் தாழ்வாகக் கேட்கிறது. எந்த அமைப்பைத் தேர்ந்தெடுத்தால் இதெல்லாம் சரியாகும் என்று கேட்கிறீர்கள்.

நான்கு குறைகளில் முதல் குறைக்கு மட்டுமே எக்ஸ்போர்ட் அமைப்பில் மருந்து இருக்கிறது, அதுவும் பாதி மருந்துதான். மற்ற மூன்றும் டைம்லைனிலேயே விழுந்துவிட்டவை. அவற்றை அப்படியே விட்டுவிட்டு பிட்ரேட்டை, அதாவது ஒரு வினாடி வீடியோவுக்குச் செலவாகும் தகவலின் அளவை, எவ்வளவு கூட்டினாலும் பயன் இருக்காது.

முதலில், உங்கள் வீடியோவுக்கு நான் வைக்கும் அமைப்பைச் சொல்கிறேன். எம்பி4 கோப்பு, எச்.264 கோடெக் (படத்தைச் சுருக்கும் முறைக்குக் கோடெக் என்று பெயர்), ஹை புரொஃபைல், புரோகிரசிவ். வினாடிக்கு 50 ஃபிரேம். அளவு 2560×1440. பிட்ரேட் வேரியபிள் (காட்சிக்கேற்ப ஏறி இறங்குவது), வினாடிக்குச் சுமார் 30 மெகாபிட். வண்ணம் ரெக்.709 (சாதாரண எச்டி வீடியோவின் வண்ணத் தரம்). ஒலி ஏஏசி, ஸ்டீரியோ, 48 கிலோஹெர்ட்ஸ், 384 கிலோபிட். 1080பியில் எடுத்ததை ஏன் 1440பியாகப் பெரிதாக்க வேண்டும் என்று உடனே தோன்றும். இந்தப் பதிலில் முக்கியமான இடமே அதுதான்.

நீங்கள் ஏற்றும் கோப்பை யூடியூபில் யாரும் பார்ப்பதில்லை. அதை மூலமாக வைத்துக்கொண்டு யூடியூப் 144பியிலிருந்து தொடங்கிப் பல அளவுகளில் தன் சொந்தப் பிரதிகளைத் தயாரிக்கிறது. பார்வையாளருக்குப் போவது அந்தப் பிரதிகளில் ஒன்று. அதாவது, சுருக்கிய படத்தை இன்னொரு முறை சுருக்குகிறார்கள். அந்த இரண்டாவது சுருக்கத்தின் பிட்ரேட் உங்கள் கையில் இல்லை. ஆனால் அது எந்தக் கோடெக்கில் நடக்கிறது என்பதை ஓரளவு உங்களால் தீர்மானிக்க முடியும்.

பெரிய சேனலாக இல்லாத ஒருவர் 1080பியில் ஏற்றினால், பெரும்பாலும் எச்.264 பிரதி மட்டுமே தயாராகும். எச்.264 என்பது 2003இல் வந்த கோடெக். யூடியூப் அதற்குக் கொடுக்கும் பிட்ரேட்டும் கஞ்சத்தனமானது. 1440பி அல்லது அதற்கு மேல் ஏற்றினால் விபி9 கிடைக்கும், சில வீடியோக்களுக்கு ஏவி1 கிடைக்கும். விபி9 2013இலும் ஏவி1 2018இலும் வெளிவந்தவை. அதே பிட்ரேட்டில் எச்.264ஐவிடத் தெளிவான படம் தருபவை. இன்னொரு நன்மையும் உண்டு. அப்படி ஏற்றிய வீடியோவை ஒருவர் 1080பியில் பார்த்தாலும், 720பியில் பார்த்தாலும், அவருக்கும் புதிய கோடெக்கின் பிரதியே போகிறது. பெரிதாக்குவதால் படத்தில் புதிய விவரம் எதுவும் பிறக்காது. ஆனால் இருக்கும் விவரம் வழியில் குறைவாகவே தொலையும். நடனம் போன்ற அசைவு மிகுந்த வீடியோவுக்கு இந்த வித்தியாசம் கண்ணுக்குத் தெரியும்.

உங்கள் பழைய வீடியோவில் இதைச் சரிபார்க்கலாம். கணினியில் யூடியூபைத் திறந்து, ஓடும் படத்தின் மேல் வலது கிளிக் செய்து, 'ஸ்டேட்ஸ் ஃபார் நெர்ட்ஸ்' என்பதைத் தேர்ந்தெடுங்கள். கோடெக் வரியில் 'ஏவிசி1' என்று இருந்தால் எச்.264, 'விபி09' என்றால் விபி9, 'ஏவி01' என்றால் ஏவி1. உங்கள் வீடியோவில் முதலாவதுதான் இருக்கும் என்று நினைக்கிறேன். அது உறுதியானால், 1080பி கோப்பின் பிட்ரேட்டை 16இலிருந்து 50 ஆக்கியிருந்தாலும் முடிவு ஏறக்குறைய இதேபோலத்தான் இருந்திருக்கும். பலரும் பிட்ரேட்டோடு மல்லுக்கட்டிச் சோர்ந்துபோவது இதனால்தான்.

பிட்ரேட் விஷயத்தில் யூடியூபே ஒரு பரிந்துரை தருகிறது. சாதாரண, அதாவது எச்டிஆர் (வெளிச்சமும் நிறமும் கூடுதல் வீச்சில் பதிவாகும் முறை) அல்லாத வீடியோவுக்கு, 24 முதல் 30 ஃபிரேம் வரை 1080பிக்கு 8 மெகாபிட், 1440பிக்கு 16, 4கேக்கு 35 முதல் 45 வரை. 48 முதல் 60 ஃபிரேம் வரை என்றால் அதுவே 12, 24, 53 முதல் 68 வரை என்று உயரும். இவற்றை நான் குறைந்தபட்சமாக எடுத்துக்கொள்கிறேன். நடனத்தில் படம் முழுவதும் ஒரே மாதிரி அசைவதில்லை. பதத்துக்கு அபிநயம் பிடிக்கும்போது திரையில் பாதி அசையாமல் நிற்கும். தில்லானாவில் பாவாடை மடிப்பு, ஜரிகை, நகைக்கற்கள் எல்லாம் ஒரே நேரத்தில் மின்னும். வேரியபிள் பிட்ரேட் வைப்பது அந்த ஏற்ற இறக்கத்துக்காகத்தான். 30 என்று வைத்து, மென்பொருள் உச்ச அளவைக் கேட்டால் 45 கொடுங்கள்.

கோப்பு எவ்வளவு பெரிதாகும் என்பதை முன்பே கணக்குப் போட்டுக்கொள்ளுங்கள். இரண்டரை மணி நேரம் என்றால் 9,000 வினாடி. 9,000ஐ 30ஆல் பெருக்கி 8ஆல் வகுத்தால் 33,750 மெகாபைட், சுமார் 34 ஜி.பி. உங்கள் இணைய இணைப்பின் பதிவேற்ற வேகம் 20 மெகாபிட் என்றால் மூன்றே முக்கால் மணி நேரம் ஆகும். பதிவிறக்க வேகத்தைப் பார்த்து ஏமாந்துவிடாதீர்கள். பல இணைப்புகளில் இரண்டும் ஒன்றல்ல. யூடியூபின் உச்சவரம்பு 256 ஜி.பி. அல்லது 12 மணி நேரம், ஆகவே அந்தப் பக்கம் தடை இல்லை. ஆனாலும் முழு அரங்கேற்றத்தையும் ஒரே கோப்பாக ஏற்றாமல் அலாரிப்பு, ஜதிஸ்வரம், சப்தம், வர்ணம், பதம், தில்லானா என்று உருப்படிவாரியாகப் பிரித்து ஏற்றுவதே நல்லது. ஒன்றில் பிழை இருந்தால் அதை மட்டும் திரும்ப ஏற்றினால் போதும். வர்ணத்தை மட்டும் பார்க்க விரும்பும் ஆசிரியருக்கும் அதுதான் வசதி.

பதிவேற்ற வேகம் மிகக் குறைவாக இருப்பவர்களுக்கு எச்.265 உதவும். யூடியூப் அதை ஏற்றுக்கொள்கிறது. 20 மெகாபிட்டிலேயே நல்ல மூலம் கிடைத்துவிடும். வீடியோவை இரண்டு முறை அலசிச் சுருக்கும் டூ-பாஸ் முறை குறைந்த பிட்ரேட்டில்தான் பயன் தரும். 30 மெகாபிட் கொடுக்கும் இடத்தில் அது நேரத்தை மட்டுமே தின்னும். கிராபிக்ஸ் கார்டு மூலம் வேகமாக எக்ஸ்போர்ட் செய்யலாமா என்றும் சிலர் தயங்குகிறார்கள். இந்த பிட்ரேட்டில் தயங்க வேண்டியதில்லை.

இனி கருப்புத் திரைக்கு வருகிறேன். கோடெக் எப்படி இடத்தை மிச்சப்படுத்துகிறது என்று தெரிந்தால் இந்தக் குறை தானாக விளங்கும். அது ஒவ்வொரு ஃபிரேமையும் முழுதாகச் சேமிப்பதில்லை. முந்தைய ஃபிரேமிலிருந்து எது மாறியது என்பதை மட்டும் குறித்துக்கொள்கிறது. அசையாத திரை என்றால் குறிக்க ஒன்றுமே இருக்கக் கூடாது. ஆனால் மங்கிய வெளிச்சத்தில் ஐஎஸ்ஓவை (கேமராவின் ஒளியுணர்திறனை) ஏற்றி எடுத்திருப்பீர்கள். அந்தத் திரையை 200 சதவீதம் பெரிதாக்கிப் பாருங்கள்: கருப்பு முழுவதும் பொடிப்பொடியாகத் துடித்துக்கொண்டிருக்கும். ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தப் பொடி வேறு இடத்தில் இருக்கிறது. கோடெக் அதை அசைவு என்றே நினைத்துக்கொண்டு, நடனமணிக்குப் போக வேண்டிய பிட்களைத் திரைக்குச் செலவழிக்கிறது. பிட்கள் தீர்ந்துபோனதும் இருண்ட பகுதிகளைத்தான் முதலில் கைவிடுகிறது. நீங்கள் பார்க்கும் கட்டங்கள் அப்படி வந்தவை.

அதனால் எக்ஸ்போர்ட்டுக்கு முன்பே இரண்டு வேலை செய்யுங்கள். ஒன்று, மெல்லிய இரைச்சல் நீக்கம் (அந்தப் பொடியைத்தான் இரைச்சல் என்கிறார்கள்). அடுத்தடுத்த ஃபிரேம்களை ஒப்பிட்டு நீக்கும் டெம்பரல் முறை இருந்தால் அதைப் பயன்படுத்துங்கள். இரண்டு, வண்ணத் திருத்தத்தில் கருப்பின் அளவைக் கொஞ்சம் இறக்கி, சாம்பலாகத் தெரியும் திரையை உண்மையான கருப்பாக்குங்கள். அங்கே துடிக்க எதுவும் இல்லாவிட்டால் கோடெக்குக்கும் செலவு இல்லை. ஆனால் கறுத்த ஜடையும் குஞ்சலமும் திரையோடு கரைந்துவிடாத அளவில் நிறுத்திக்கொள்ளுங்கள்.

இரைச்சல் நீக்கத்தில் பேராசை கூடாது. அளவு மீறினால் முகம் மெழுகாகிவிடும். பரதநாட்டியத்தில் கண்தான் பேசுகிறது. கண்மைக் கோட்டின் ஓரம் கூர்மையாக இருக்கிறதா, புருவம் உயரும்போது நெற்றியின் சுருக்கம் தெரிகிறதா, புடவைக் கரையின் ஜரிகையில் இழை தெரிகிறதா என்று பாருங்கள். இவற்றில் ஒன்று போனாலும் அளவைக் குறையுங்கள். திரையில் கொஞ்சம் பொடி இருப்பதைப் பொறுத்துக்கொள்ளலாம். அபிநயம் அழிவதைப் பொறுக்க முடியாது.

கட்டங்கள் போன பிறகும், விளக்கொளி திரையில் மங்கும் இடத்தில் வளையம் வளையமாகப் பட்டைகள் தெரியலாம். அது வேறு சிக்கல். 8-பிட் வீடியோவில் கருப்பிலிருந்து வெள்ளை வரை 256 படிகளுக்கு மேல் இல்லை, இருட்டுக்கு அவற்றில் சொற்பமே கிடைக்கும். படிக்கும் படிக்கும் இடையிலான எல்லை கண்ணில் படுகிறது. மிகச் சன்னமான கிரெயின், அதாவது படத்தின் மேல் தூவும் செயற்கைப் பொடி, சேர்த்தால் எல்லை கலைந்துவிடும். இரைச்சலை நீக்கச் சொல்லிவிட்டு மறுபடி சேர்க்கச் சொல்வது முரணாகத் தோன்றலாம். கேமராவின் இரைச்சல் கரடுமுரடானது, நீங்கள் சேர்ப்பது சீரானது. பட்டை தெரிந்தால் மட்டும் சேருங்கள்.

சிவப்பைப் பற்றியும் ஒரு வார்த்தை. நடனமணியின் விரல் நுனியில் இருக்கும் சிவப்பு கருப்புப் பின்னணியில் பிசிறடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். 1080பி வீடியோவில் வெளிச்சத் தகவல் முழு அளவில் இருந்தாலும், நிறத் தகவல் 960×540 அளவில்தான் சேமிக்கப்படுகிறது. யூடியூபின் 1440பி பிரதியில் நிறத்துக்கு 1280×720 இடம் இருப்பதால், உங்கள் மூலத்தில் இருந்த நிறம் அங்கே மேலும் குறுகாது. இதே காரணத்துக்காகப் பெயர் அட்டைகளில் கருப்பின் மேல் சிவப்பு எழுத்து வைக்காதீர்கள். வெள்ளையோ சந்தன நிறமோ கூர்மையாக நிற்கும்.

கால்கள் விட்டுவிட்டு நகர்வதற்கு முழுக் காரணம் 30 ஃபிரேம் டைம்லைன்தான். கேமரா வினாடிக்கு 50 படம் எடுத்திருக்கிறது. மென்பொருள் அதில் 30ஐ வைத்துக்கொண்டு 20ஐ எறிகிறது. ஐந்துக்கு மூன்று என்று சமமாகப் பிரிக்க வழி இல்லை. ஒரு தாவல் ஒரு ஃபிரேம், அடுத்த இரண்டு தாவல்களும் இரண்டிரண்டு ஃபிரேம் என்று நொண்டிக்கொண்டு போகும். விளம்ப காலத்தில் இது தெரியாது. தட்டடவு மூன்றாம் காலத்தில் வரும்போது தாளத்துக்கும் காலுக்கும் பொருந்தாததுபோலத் தோன்றும். பிழையில்லாமல் ஆடிய பெண்ணுக்கு வீடியோ தாளப் பிழையை ஏற்றிவிடுகிறது. இதை மட்டும் நீங்கள் கட்டாயம் திருத்த வேண்டும்.

எடுத்த ஃபிரேம் ரேட்டிலேயே எடிட் செய்து அதிலேயே எக்ஸ்போர்ட் செய்யுங்கள். 50 வேண்டாம் என்றால் 25 வைக்கலாம், ஒன்றுவிட்டு ஒன்று சீராகப் போகும். வேகமான நடனத்துக்கு 50தான் என் தேர்வு. காட்சிகளை உள்ளே எடுத்த பிறகு புராஜெக்டின் ஃபிரேம் ரேட்டை மாற்ற டாவின்சி ரிசால்வ் விடாது. 50 ஃபிரேமில் புதிய டைம்லைன் உருவாக்கி, பழைய எடிட்டை அதில் எடுத்து வைத்து, வெட்டுகள் ஒரு ஃபிரேம் அப்படி இப்படி நகர்ந்திருக்கின்றனவா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

அடுத்த முறை ஃபோனையும் 25 ஃபிரேமில் வையுங்கள். ஐஃபோனில் கேமரா அமைப்புக்குள் 'PAL' வடிவங்களைக் காட்டும் விருப்பத்தை இயக்கினால் 25 வந்துவிடும். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால், பழைய வகை மண்டப விளக்குகளுக்குக் கீழே 25, 50 ஃபிரேமும் 1/50 அல்லது 1/100 ஷட்டரும் வைத்தால் படம் மினுக்காது. ஃபோன்களில் இன்னொரு சங்கடம், அவை ஃபிரேம் ரேட்டை நிலையாக வைப்பதில்லை. நீண்ட பதிவில் படமும் ஒலியும் மெல்ல விலகும். நட்டுவாங்கத் தாளம் ஒலித்த பிறகு கால் விழும். எடிட்டுக்கு முன்பே ஹேண்ட்பிரேக் என்ற இலவச மென்பொருளில் கான்ஸ்டன்ட் ஃபிரேம் ரேட்டைத் தேர்ந்தெடுத்து மாற்றிவிட்டால் போதும்.

வெளிறிய முகத்துக்குக் காரணம் ஃபோனின் எச்டிஆர். 2020இல் வந்த ஐஃபோன் 12 முதல் வீடியோ இயல்பாகவே டால்பி விஷன் எச்டிஆரில் பதிவாகிறது. அதை ரெக்.709 டைம்லைனில் மாற்றமின்றிப் போட்டால் நிறம் செத்துப்போகும். சாச்சுரேஷனைக் கூட்டி ஒப்பேற்றாதீர்கள்; முகத்தில் ஆரஞ்சு ஏறும். ஃபோன் காட்சிகளுக்கு மட்டும், மென்பொருளின் கலர் மேனேஜ்மென்ட் வசதியில் மூலம் எச்எல்ஜி (ஐஃபோனின் எச்டிஆர் வகை), இலக்கு ரெக்.709 என்று சொல்லி மாற்றுங்கள். எக்ஸ்போர்ட்டில் டேட்டா லெவல் (கருப்பு முதல் வெள்ளை வரையிலான அளவு வரம்பு) 'ஆட்டோ'விலேயே இருக்கட்டும். அதை 'ஃபுல்' ஆக்கினால் தெளிவு கூடும் என்று பரவியிருக்கும் யோசனை, திரையையும் ஜடையையும் ஒரே கருப்பாக்கிவிடும்.

ஒலி. யூடியூப் -14 எல்.யு.எஃப்.எஸ் என்ற சராசரி உரப்பைத் தாண்டும் வீடியோக்களின் ஒலியைத் தானே குறைக்கிறது. அதற்குக் கீழே இருப்பவற்றை உயர்த்துவதில்லை. உங்கள் பதிவில் நட்டுவாங்கத் தாளமும் மிருதங்கமும் மட்டும் உச்சத்தைத் தொட்டிருக்கும். பாட்டு மிகக் கீழே இருக்கும். ஒலி உச்சம் தாண்டாமல் தடுக்கும் லிமிட்டரை -1 டெசிபலில் வைத்து, சராசரி -16 வரும்வரை மொத்த ஒலியை உயர்த்துங்கள். -14 வரை போகலாம்தான், ஆனால் பதத்தின் மென்மையும் தில்லானாவின் வேகமும் ஒரே உரப்பாகிவிடும் என்பதால் நான் -16இலேயே நிறுத்திக்கொள்வேன். மிக்ஸரிலிருந்து நேராக எடுத்த ஒலி இருந்தால் அதை முதன்மையாக வைத்து, கேமரா மைக்கின் ஒலியையும் அடியில் கொஞ்சம் சேருங்கள். பாடகருக்கும் மிருதங்கத்துக்கும் மைக் வைப்பவர்கள் காலுக்கு வைப்பதில்லை. சலங்கை கேமரா மைக்கில்தான் இருக்கும்.

முழு எக்ஸ்போர்ட்டுக்கு முன் தில்லானாவில் மிக வேகமான ஒரு நிமிடத்தை மட்டும் எக்ஸ்போர்ட் செய்து, 'பிரைவேட்' ஆக ஏற்றி, ஃபோனிலும் டிவியிலும் பாருங்கள். அந்த ஒரு நிமிடம் தாங்கினால் மற்றவை தாங்கும். மாலையில் மொபைல் டேட்டாவில் பார்க்கும் உறவினருக்குப் பெரும்பாலும் 480பிதான் போகும், அதை எந்த அமைப்பாலும் மாற்ற முடியாது.

ஏற்றியதும் இணைப்பைக் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் போட்டுவிடாதீர்கள். யூடியூப் முதலில் தாழ்ந்த தரப் பிரதியைத்தான் தயாரிக்கும். பெரிய அளவுகள் பின்னால் வரும், சில நேரம் மணிக்கணக்கில் ஆகும். 'அன்லிஸ்டெட்' ஆக வைத்து, தர மெனுவில் 1440பி வந்துவிட்டதையும் கோடெக் வரியையும் பார்த்த பிறகு வெளியிடுங்கள்.

பெற்றோர் பென்டிரைவிலும் கேட்பார்கள். அதற்கு 1440பி தேவையில்லை. 1080பி, 50 ஃபிரேம், எச்.264, 15 மெகாபிட் போதும். பென்டிரைவ் ஃபேட்32 வடிவத்தில் இருந்தால் 4 ஜி.பி.க்கு மேற்பட்ட கோப்பு அதில் ஏறாது. எக்ஸ்ஃபேட்டுக்கு மாற்றுங்கள். டிவி அதைப் படிக்காவிட்டால், உருப்படிவாரியாகப் பிரித்த கோப்புகளை ஃபேட்32இலேயே போடுங்கள். அரை மணி நேர வர்ணம்கூட 3.4 ஜி.பி.க்குள் அடங்கிவிடும்.

ஏற்கெனவே ஏற்றிய வீடியோவுக்குப் பதில் அதே முகவரியில் புதிய கோப்பை வைக்க யூடியூப் இடம் தராது. புதிதாக ஏற்றியவை தயாரானதும் பழையதை 'அன்லிஸ்டெட்' ஆக்கி, அதன் விளக்கத்தின் முதல் வரியில் புதிய இணைப்பைக் கொடுத்துவிடுங்கள். பழைய இணைப்பைச் சேமித்து வைத்திருப்பவர்களும் வந்துசேருவார்கள்.